ஆளுக்கு மூன்று நிமிடம்

ஜார்ஜியாவில் ஒரு கவுன்டி அலுவலகம்.
ஏசி இரைகிறது.
குறிப்பெடுப்பது என் வேலை. கருத்து கிடையாது,
அதற்குத்தான் சம்பளம்.

முந்திப் பேசியவர் கேட்டுவிட்டுப் போயிருந்தார்:
"யார், யாருக்கு, எவ்வளவு?
இத்தனை காலம் கழித்து எப்படிக் கணக்குப் போடுவது?"

ஆர்வெல்லா டிஸ்டேல்,
முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்,
மைக்கைத் தன் உயரத்துக்கு இழுக்கிறார்.
"போடத் தெரிந்தவர்கள்தானே நீங்கள்?"

நகலெடுத்த தாள் ஒன்று.
இதே கட்டடத்தின் நிலவறையில் கிடைத்தது.

"சூக்கி. வயது பத்தொன்பது. கை வேகம்.
மேல்பல் இரண்டு இல்லை, நாற்பது டாலர் தள்ளுபடி.
இனி அவளுக்குப் பிறப்பவை உட்பட.

பிறப்பவை. பிறப்பவர் இல்லை.
வட்டி குட்டி போடும் என்று சும்மா சொல்வதுண்டு.
எங்கள் வீட்டில்
குட்டிதான் வட்டி, ஐயா.
அந்த வட்டிக்கு வட்டிக்கு வட்டிதான்
மழையிலும் உங்கள் பிள்ளைகளை
வாசலில் இறக்கிவிட்டுப் போனது."

தலைவர் க்ரூ கண்ணாடியைத் துடைக்கிறார்.
தாளின் அடியில் வாங்கியவர் பெயரும் க்ரூ.
அதை மட்டும் ஆர்வெல்லா வாசிக்கவில்லை.

"மொத்தத்தை நாளைக்குப் பேசலாம்.
அந்த நாற்பதிலிருந்து தொடங்குங்கள்.
பல்லை உடைத்தவன் யார்,
தள்ளுபடி யாருக்கு..."

மணி அடித்துவிட்டது.
அவர் உட்கார்ந்துவிட்டார்.
அடுத்த பெயரைக் கூப்பிடுகிறார்கள்.

நான் இன்னும் அந்த வரியில்தான் இருக்கிறேன்:
இரண்டு பல்.
எண்ணில் எழுதுவதா, எழுத்திலா?