கழுத்துச் சூடு

சலாலாவில் சாரல் விழுகிற ஆடி மாதம்.
மலை தெரியவில்லை.
மலைக்கு அப்பாலிருந்து வந்த ஆள் தெரிந்தார்:
ஈரச் சட்டை, தலைத்துண்டில் ஒட்டக மயிர்,
மாலையில் ஏறி விடியலில் இறங்கும் காய்ச்சல்,
பதினாறு நாளாக.

பெயர் முத்திருளாண்டி.
கணினிக் கட்டத்துக்குள் அத்தனை எழுத்தும் நுழையாது.
நுழைந்தாலும் கூடாது.
ஆய்வில் அவர் நாற்பத்தேழு.

வெள்ளைத் தட்டில்
அவர் ரத்தத்தின் தெளிநீர் ஒரு சொட்டு,
இளஞ்சிவப்புக் கரைசல் ஒரு சொட்டு.
நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும்.
மூன்றாவதிலேயே
பால் திரிவதுபோலத் திரிந்தது.

"என்ன பால் குடிச்சீங்க?"
"கறந்த சூட்டோட, நுரையோட.
காய்ச்சுனா ருசி போயிரும்னாரு அர்பாப்.
குடுத்தத வேண்டாங்க முடியுமா?"

ஒப்புதல் படிவம் பதினோரு பக்கம்.
விரல் வைத்து வரிவரியாகப் படித்தார்.
'எவ்வேளையிலும் விலகிக்கொள்ளலாம்'
என்ற இடத்தில் விரல் நின்றது.
"எவ்வேளையிலுமா?"
அவர் கையெழுத்திட்ட வேறெந்தக் காகிதத்திலும்
அப்படியொரு வரி இருந்திராது.

ஏழாம் பக்கத்தில்
'மருந்து' என்ற சொல்லின் ந-வுக்குப் புள்ளி விழவில்லை.
என் பேனாவை வாங்கி வைத்தார்.
அந்த ஒரு புள்ளிக்கு
நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்க
மூன்று மின்னஞ்சல் ஆனது எனக்கு.

ஆறு வாரம் இரண்டு வகை மாத்திரை, ஒரு முறை.
ஒரு வகை மாத்திரை, முதல் வாரம் ஊசி, மற்றொரு முறை.
யாருக்கு எது என்று
நானும் சொல்ல முடியாது, டாக்டர் முசல்லமும் சொல்ல முடியாது.
ஒட்டிய உறைக்குள் இருக்கிறது.
"சீட்டுக் குலுக்குறதா?"
"கிட்டத்தட்ட."
"அவசரக்காரன் கழிவு குடுத்து முன்னாடி எடுக்கலாமா?"
"இதில் கழிவு கிடையாது."
"அப்ப யோக்கியமான சீட்டுதான்"
என்று கையெழுத்துப் போட்டார்.
ஊசி விழுந்தது.
ஏழு நாளும் வந்து இடுப்பைத் திருப்பிக் காட்டி
சீட்டைத் திட்டிவிட்டுப் போனார்.

அவருடைய ரத்தப் புட்டி
ஐந்தாம் நாள்வரை ஊமையாயிருந்தது.
ஒன்பதாம் நாள் நள்ளிரவில் இயந்திரம் கூவியது.
பிறகு தட்டில்,
ஊசிமுனையால் தொட்டதுபோல் சின்னஞ்சிறு புள்ளிகள்.
எங்கள் கூடத்தில் ஒரு சட்டம் உண்டு:
எந்தத் தட்டையும் முகர்ந்து பார்க்காதே.
எனக்கு முன் இந்த மேசையிலிருந்த ரோசாரியோ முகர்ந்தான்.
மூன்று மாதம்
முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தான்.

சாரல் நின்றதும்
மந்தையை மலைமேல் ஏற்றிவிட்டார்கள்.
ஆறாம் வாரம் நாற்பத்தேழு வரவில்லை.
மூன்று முறை அழைத்துப் பார்த்து
'தொடர்பு அறுந்தது' என்று எழுதச் சொல்கிறது விதி.
இரண்டு முறை அழைத்தேன்.
மூன்றாவதை
நாளை, நாளை என்று வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒரு குரல் செய்தி.
காற்று, மணிச் சத்தம், அதற்குள் அவர்:

"மேடம், மேல சிக்னல் இல்ல.
மாத்திரை முந்தாநாள் முடிஞ்சுது, ஒண்ணும் விடல.
சாயங்காலம் ஒட்டகத்துக் கழுத்துல கைய வச்சுப் பாப்பேன்,
அப்புறம் என் நெத்தியில.
இப்பல்லாம் நெத்திதான் குளிர்ச்சி.
பாலக் காய்ச்சித்தான் குடிக்கிறேன்.
அர்பாப் சிரிக்கிறாரு."

தண்ணீரில்லாத வெயில் நாளில்
ஒட்டகத்தின் உடம்பு ஆறு டிகிரி ஏறி இறங்கும்.
அதைவிட மோசமான வெப்பமானி
இந்தக் கரையில் கிடைக்காது.

தாளை எடுத்தேன்.
'வெப்பநிலை' கட்டத்தில் எண் மட்டும்தான் எழுதலாம்.
அதைக் காலியாக விட்டேன்.
ஓரத்தில், தேதி போட்டு, தமிழில்:
கழுத்தைவிட நெற்றி குளிர்ச்சி. சொன்னவர் 47.

மூடும் முன்
எல்லா மெய்யெழுத்துக்கும் புள்ளி விழுந்திருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.