நிறுவைக்கு முக்கால் மணி முன்

புதன்கிழமை. அப்புத்தளையில் பஸ்ஸை விட்டிறங்கி
ஆட்டோக்காரனோடு நூறு ரூபாய்க்குச் சண்டை பிடித்து
மேலே துரைமார் கோயிலுக்கு வந்தோம்,
நானும் பெர்னதெத்தும்.
கோபுரச் சாவி மாசிலாமணியிடம். அவர் சலூனில்
பாதிக் கன்னம் நுரையோடு இருந்தார்.
"முடிச்சிட்டு வாறேன்" என்றார். வரவில்லை. சாவி வந்தது,
ஒரு பொடியனின் காற்சட்டைப் பையில், பபிள்கம் ஒட்டி.

நாற்பத்தொரு படி. பிறகு ஏணி.
புறா எச்சம், ஈரக்கல், யாரோ மறந்த ஒற்றைக் கையுறை.
இரண்டு மணிகள். ஒன்றுக்கு நாக்கில்லை,
குளவி விட்டுப்போன கூடு மட்டும்.
மற்றதில் ஒரு துரையின் பெயர், அவர் மனைவியின் பெயர்,
வார்த்த ஊரின் பெயர்.
வடத்தில் யார் பெயரும் இல்லை.
கை பட்ட இடம் கறுத்திருந்தது.

முதல் இழுப்புக்கு அசையவே இல்லை.
இரண்டாவதற்கு முனகியது.
மூன்றாவதில் வடம் என்னைத் தூக்கியது,
செருப்பொன்று கழன்று கீழே போனது,
விழுந்த சத்தம் கேட்கவில்லை:
பல்லுக்குள், விலாவுக்குள், தோட்டுத் திருகுக்குள்
மணி.

ஒன்பது அடித்தோம். பெர்னதெத் சிரித்தாள், இருமினாள்.

மூட்டம் விலகியபோதுதான் பார்த்தேன்:
நாலாம் நம்பர் மலையிலிருந்து பெண்கள்
கொழுந்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள், மடுவத்துக்கு.
நிறுவைக்கு இன்னும் முக்கால் மணி இருந்தது.
கங்காணி இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார்.
காற்று அதை எங்களிடம்கூடக் கொண்டுவரவில்லை.

ஒருத்தி நின்றாள். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தாள்.
இடுப்புப் படங்கை அவிழ்த்துப் புல்லில் விரித்து
உட்கார்ந்தாள்.
அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் எல்லோரும்.

"நிப்பாட்டுவமா?" என்றாள் பெர்னதெத்.
நான் மற்றச் செருப்பையும் கழற்றி
ஓரமாக வைத்தேன்.