அரைப்பேர்

தலவாக்கலை பஜாரில்
ரொட்டிக்கடைக்கு மேல்மாடி, டெய்சிமலரின் அறை.
டேர்ப்பன்டைன் வாசம்.
கீழேயிருந்து கொத்துரொட்டிச் சத்தம்.
என் பதினொரு கதைகளையும் வாசித்து முடித்திருந்தாள்
அட்டைப்படம் வரைந்து தருவதாகச் சொன்ன ஒரே குற்றத்துக்காக.

"படமா இருந்தா இது என்னா மாதிரி படம்?" என்றாள்.

நான் யோசிக்கவேயில்லை.
வோட்டர்கலர் என்றேன்.
கிரேட்வெஸ்டர்னில் பனி இறங்குகிற மாதிரி
ஓரமில்லாமல், ஒன்றுக்குள் ஒன்று கரைந்து...
சொல்லும்போதே காது சூடானது.

சிரித்தாள்.
சிரித்த வேகத்தில் பிளேன்டீக்குள் பிரஷ்ஷைக் கழுவப்போய்
கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"வோட்டர்கலர்ல வெள்ளைய பூசுறதில்ல புள்ள.
வெள்ளைங்கிறது கடதாசி.
தொடாம விட்டாத்தான் அது வெளிச்சம்.
நீ எந்த எடத்த விட்டிருக்க?"

ஆறாம் கதையைப் புரட்டினாள்.
மழைக்கு முந்திய காற்றுக்கு ஒரு பந்தி.
மழைக்கு இரண்டு.
மழை விட்டபின் காலில் ஏறும் அட்டைக்கும் ஒன்று.
"மழைய எடு" என்று பென்சிலால் தட்டினாள்.

கடைசி பஸ்ஸுக்கு நின்றேன்.
முன்னால் நின்ற பஸ்ஸின் முதுகில்
அருவி, அன்னம், மான், அஸ்தமனம்,
அத்தனையும் ஒரே தகரத்தில்,
விரல் வைக்க இடமில்லை.
சரி, நான் இதுதான் போல.

இல்லை, எண்ணெய்ச்சாயமோ?
அது காய நாளெடுக்குமாம், இந்த ஈரத்தில் இன்னும் கூட.
நாலாம் கதை போன ஆடியில் எழுதியது;
இன்றைக்கும் தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

பகலில் நான் தோட்டத்து ஆபீசில்
செக்ரோல் எழுதுகிறவள்.
கிலோ நிறைந்தால் பேர்.
குறைந்தால் அரைப்பேர்.
கட்டம் வெறுமையாய்க் கிடந்தால்
அன்றைக்கு அவள் மலையில் நின்றதேயில்லை.

டெய்சிக்கு விட்ட இடம் வெளிச்சம்.
எனக்கு விட்ட இடம்
சம்பளத்தன்று ஜன்னலடியில் வந்து நிற்கும்,
கொழுந்துக் கறை ஏறிய விரலைக் கம்பியில் வைத்து:
"தங்கச்சி, புதன்கெழம நான் வந்தேனே."

வேலாயி அக்கா.
அன்றைக்கு நான்தான் கோட்டை மாற்றிப் போட்டிருந்தேன்.
அதற்குப் பிறகு எதையும் விட்டுவைக்க
என் கை துணிந்ததில்லை.
கதையிலும்.

அன்றிரவு மழையை எடுத்தேன்.
இரண்டு பந்திகளையும், காற்றையும் சேர்த்து.
மிஞ்சியது ஒரே வரி:
'இடுப்புப் படங்கு கதவில் தொங்கியது,
அதன் கீழே சிமெந்து கறுத்திருந்தது.'
வாசித்துப் பார்த்தேன்.
எடுத்த மழை தானாகப் பெய்துகொண்டிருந்தது.
அவள் சொன்னது சரியாகிப்போன எரிச்சலில்
வெகுநேரம் தூங்கவில்லை.

ஆனால் ஒன்பதாம் கதையில் கைவைக்கவில்லை.
பிரட்டுக்கு நிற்கும் பத்தொன்பது பெண்கள்,
பத்தொன்பது பேர்கள்,
ஒன்றரைப் பக்கம்.

சனிக்கிழமை சொன்னேன்.
"நெரிசலா இருக்கு" என்றாள்.
"லயமே நெரிசல்தான்."
"படிக்கிறவன் தாண்டிப் போயிருவான்."
"தாண்டட்டும். அவங்க நிக்கட்டும்."

பதில் பேசாமல் பென்சில் சீவினாள்.
கடதாசியை விரித்துக் குறுக்கும் நெடுக்கும் கோடிழுத்தாள்.
கட்டங்கள்.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பச்சை,
கவ்வாத்து வெட்டிய மலையின் பச்சை, முற்றிலையின் பச்சை,
ரெட்டுச் சாக்குக்குள் வெந்துபோன கொழுந்தின் பச்சை.
எனக்குத் தெரியாத பச்சைகளும் இருந்தன.
மூன்றாம் வரிசையில் ஒரு கட்டத்தைத் தொடாமல் தாண்டினாள்.

வேலாயி அக்கா கதையை
நான் அவளிடம் சொன்னதேயில்லை.

அந்தக் கட்டம் வெளிச்சமா, புதன்கிழமையா
என்று கேட்க வாயெடுத்து
பிளேன்டீயை எடுத்துக் குடித்தேன்.

டேர்ப்பன்டைன்.
இந்தமுறை பிரஷ்ஷைக் கழுவியேவிட்டிருக்கிறாள்.