நீலப் பெட்டி

அட்டையை வெட்டும்போது
காலாவதித் தேதி இருக்கும் ஓரத்தைக் கொடுப்பதா
மிச்சத்தோடு வைத்துக்கொள்வதா
என்பதில் ஆரம்பிக்கிறது என் வேலை.
பத்து மாத்திரையாக வாங்குகிறவர்கள்
இந்தப் பக்கம் குறைவு.
நாலு குடு, மூணு குடு,
சனிக்கிழமை கூலி வந்ததும் மிச்சம்.
இதயம் மட்டும்
ஏழு நாளும் வேலைக்கு வருகிறது.

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
அலமாரியில் டானிக் பாட்டில்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.
எதிர்ப்பக்கம், பஞ்சர் கடை இருந்த இடத்தில்
போன பங்குனியில் ஒரு மருந்துக்கடை திறந்தார்கள்.
அதே கொழுப்பு மாத்திரை, அதே இருபது மில்லிகிராம்.
எங்களிடம் அட்டை நூற்று எண்பத்தாறு.
அங்கே இருபத்தொன்று.
டியூப் லைட்கூட ஒன்றுதான் எரியும் அங்கே.

டெரிக் வந்தான், ராயபுரத்துப் பையன்.
கம்பெனிப் பை தோளில்,
டை சட்டைப் பையில்.
"காப்புரிமை முடிஞ்சிபோச்சிக்கா.
பதினாலு கம்பெனி எறங்கிட்டான்."
காலாவதி,
மருந்துக்கு வந்தால் குப்பைக்கு,
காப்புரிமைக்கு வந்தால் ஊருக்கு
என்று சொல்லிச் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.
டார்கெட்டில் பாதிகூட ஏறவில்லையாம்,
பைக்குக்கு இன்னும் பத்தொன்பது தவணை.

தேசிங்கு, ஹார்பரில் டிரெய்லர் ஓட்டுகிறவர்.
நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒன்றரை வருஷம்.
ஸ்டான்லியில் மாத்திரை சும்மாவே தருவார்கள்,
நின்று வாங்கினால் ஒரு நடை போச்சு என்பார்.
அவர் வாங்கும் கணக்கைக்
கூட்டிப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.
முப்பது நாளுக்குப் பதினாறு.
"ஒருநாள் உட்டு ஒருநாள் போட்டுக்கிறேன்.
வண்டிக்கே தெனம் ஆயில் மாத்துறோமா இன்னா?"

அன்றைக்கு முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
எதிர்க்கடையைக் கண்ணால் காட்டினேன்.
பதினோரு வருஷச் சம்பளம்
அந்த ஒரு பார்வைக்குள் இருந்தது.

போனார், வாங்கினார்.
ஒரே வாரத்தில் திரும்பி வந்து நின்றார்.
"இருவது ரூபாய்க்கு நெஞ்சு கேக்குமா?
வெள்ளையா கீது, சுண்ணாம்பு கணக்கா.
அந்த நீலப் பொட்டியே குடு."
வலித்ததா என்றேன்.
இல்லை,
வலிக்கப்போவது போல இருந்ததாம்.

இரண்டும் ஒரே மருந்து என்று
அட்டையைத் திருப்பிக் காட்டினேன்.
அந்தப் பொடி எழுத்து
கண்ணாடி போட்டால்தான் எனக்கே தெரியும்.
எந்தத் தொழிற்சாலை, எந்த ராத்திரி ஷிஃப்ட்,
யார் சோதித்துக் கையெழுத்துப் போட்டார்கள்,
எதிர்க்கடைச் சரக்குக்குத் தெரியாது எனக்கு.
நீலப் பெட்டிக்கும் தெரியாது.

மறுநாள் அவர் பெண்சாதி அமுலு வந்தாள்.
சீட்டை நீட்டவில்லை, பணமும் எடுக்கவில்லை.
"காலிப் பொட்டி ஒண்ணு இருந்தா குடுக்கா.
அந்த நீலம்."
இடுப்புச் சுருக்குப்பையில்
எதிர்க்கடை அட்டைகள் மூன்று.

அவளுக்கு மட்டும் என்றுதான் ஆரம்பித்தது.
இப்போது கல்லாவுக்குக் கீழே
காலிப் பெட்டிகளைத் தட்டையாக மடித்து
ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறேன்.
இந்த மாதம் ஒன்பது பேர்.
முதலாளி கேட்டார்,
பழைய பேப்பர்காரனுக்கு என்றேன்.
தேசிங்கு முப்பது நாளுக்கு முப்பது போடுகிறார்.
வண்டியை ஓரங்கட்டாமலே கை காட்டிவிட்டுப் போகிறார்,
எங்கள் மருந்துதான் நல்ல மருந்து என்கிற மாதிரி.

நேற்று டெரிக் புது விலைச் சீட்டோடு வந்தான்.
கம்பெனி எட்டு ரூபாய் இறங்கியிருக்கிறது.
உள்ளே வந்து உட்கார்ந்து
ஒவ்வொரு பெட்டியாக ஒட்டிக்கொண்டே போனவன்
கீழே இருந்த கட்டில் கை வைத்தான்.
எடை பார்த்தான்.
என்னை நிமிர்ந்து பார்த்தான்.
ரோட்டில் ஒரு கன்டெய்னர் போயிற்று,
பாட்டில்கள் இடித்துக்கொண்டன.

பிறகு அவற்றின்மேலும் ஒட்ட ஆரம்பித்தான்,
ஓரம் கோணாமல்.