மீளும் நேரம்

காட்பாடி, சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பத்துக்கு எட்டடியில் என் கடை.
மே மாதம். ஃபேன் அனலைத்தான் பரிமாறுகிறது.

தபன் மண்டல் துண்டில் சுற்றி
ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார்.
மனைவிக்கு மூச்சு தரும் மெஷின்.
ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறதாம்.
லாட்ஜ் அறையில் இப்போதைக்கு வாடகை சிலிண்டர்.
அவரிடம் இருக்கிற தமிழ்
'எவ்வளவு', 'நாளைக்கு'.
என்னிடம் இருக்கிற வங்காளம்
அதுவும் இல்லை.

திறந்தேன்.
யாரோ முன்பே கை வைத்திருக்கிறார்கள்.
வேக டையோடு இருக்கவேண்டிய இடத்தில்
சாதா நாலாயிரத்து ஏழு.
அதே கறுப்பு உடம்பு, அதே வெள்ளி வளையம்,
பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

வித்தியாசம் மறப்பதில் இருக்கிறது.
'போ' என்றால் இரண்டும் விடும்.
'நில்' என்றால்
சாதா உடனே அடைக்காது.
உள்ளே வந்த கூட்டம் கலையும்வரை
கதவு திறந்தே கிடக்கும்.
வந்த வழியே கரண்ட் திரும்பி ஓடும்.
நொடிக்கு ஐம்பது தடவை என்றால் பாதகமில்லை.
ராணிப்பேட்டை முலாம் பட்டறையில்
மரை போட்டு முறுக்கிய தடிப்பயல்கள்
முந்நூறு ஆம்பியரை அப்படித்தான்
சாவகாசமாகத் தாங்குகிறார்கள்.
இங்கே நொடிக்கு அறுபதாயிரம்.
ஒவ்வொரு திரும்பலுக்கும் கொஞ்சம் சுடும்.

ஷாட்கியும் டப்பாவில் உண்டு.
எதையும் உள்ளே சேர்த்துவைக்காது,
அதனால் மறக்க ஒன்றுமில்லை.
ஆனால் இந்த ஊர் வெயிலில் கசியும்.
அழுத்தம் ஏறினால் முதலில் அதுதான் போகும்.
அப்படி இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எபனேசர் வழக்கில் தீர்ப்பு வந்து
பதினோரு மாதம்.
நேற்று வேலை முடிந்து
சத்துவாச்சாரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.
கண்டக்டர் 'எங்கே' என்று கேட்கும்வரை
தெரியவில்லை.

ஈயத்தை உறிஞ்சி அதைக் கழற்றினேன்.
புதியதன் வளையத்தை
போர்டில் இருந்த வெள்ளைக் கோட்டுக்கு நேராக வைத்து
பற்றவைத்தேன்.
ஓடவிட்டுப் பார்க்கணும் என்று கையால் சொன்னேன்.
ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார்.
ஒரு மணி பத்து நிமிடம்
இரண்டு பேரும் அதன் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம்.
பிளக்கைப் பிடுங்கி, சற்றுப் பொறுத்து, விரல் வைத்தேன்.
கைபொறுக்கும் சூடு.

'எவ்வளவு?'
டையோடு மூன்று ரூபாய், கூலி நூற்றைம்பது.
துண்டை மறுபடி சுற்றிக்கொண்டு
'நாளைக்கு' என்றார்.
ஊருக்குப் போகிறார்களா,
வேறு ஏதாவது சோதனையா, கேட்க முடியவில்லை.

கழற்றியதை மீட்டரில் வைத்துப் பார்த்தேன்.
கால் கறுத்திருக்கிறது,
கெட்டுப்போகவில்லை.
நிதானமான ஏதாவது ஒன்றுக்கு ஆகும்.
டப்பாவில் போட்டுவைத்தேன்.