இடுப்பளவு

மழைத் தண்ணீர் என்றால் வடியும், காயும்.
இது எண்ணெய்.
எண்ணூர்க் கழிமுகத்திலிருந்து தெருவுக்குள் ஏறி
ஜெபவீட்டுச் சுவரில் இடுப்பளவுக்கு
ஒரு கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது.

ஆறு பெண்கள்,
மரத்தூள், சோப்புத்தூள், கிழித்த நைட்டி.
ரோஸ்லினுக்குக் கையெல்லாம் கொப்புளம்.
பாட்டுப் புத்தகங்களை வெயிலில் பிரித்து வைத்தோம்.
காய்ந்தன, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு.
இன்றைக்கும் நாற்பதாம் பாட்டைத் திறந்தால்
நாற்பத்தேழும் கூடவே வரும்.

"ஏன் நமக்கு மட்டும்னு
கேக்கத் தோணலியா உனக்கு?"
வலையை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டே
வீட்டுக்காரர் கேட்டார்.
தோன்றியது.
அவரிடம் சொல்லவில்லை.
முந்தின ராத்திரியே ஆண்டவரிடம் கேட்டிருந்தேன்,
கொஞ்சம் சத்தமாக.
புருஷன் பெண்டாட்டி சண்டை என்று
பக்கத்து வீட்டு அஞ்சலை எட்டிப் பார்த்தாள்.
பதில் ஒன்றும் வரவில்லை.
ஆனாலும் கேட்க ஓர் ஆள் இருந்த மாதிரிதான்
தூங்கினேன்.

கிறிஸ்துமஸ் ராத்திரி
போதகர் மாசில்லாமணி வாசலிலேயே நின்று
எல்லார் கையிலிருந்தும் மெழுகுவர்த்தியைப்
பிடுங்கிக்கொண்டார்.
"செவுத்துல எண்ணெய், தரையில எண்ணெய்,
ஒரு பொறி போதும்மா."
கரண்ட் வேறு இல்லை.
யாரோ ஒரு பையன் போனில் டார்ச் போட்டான்.
அப்புறம் இன்னொன்று.
அப்புறம் நாலு சதவிகித சார்ஜில்
செத்துக்கொண்டிருந்தவைகூட.
மாட்டுத் தொழுவமும்
இவ்வளவு நாற்றம் அடித்திருக்குமோ என்னவோ,
அந்த வெளிச்சத்தில்தான் அவர் பிறந்தார்.

பாதிப் பாட்டில் என் போன் அடித்தது.
குழுக்கடன்காரன். தவணை.
தூக்கின கையை நான் இறக்கவில்லை.
அடித்து ஓயட்டும் என்று நின்றேன்.
ஓய்ந்தது.
உடனே ரோஸ்லின் போன் அடித்தது.
ஒரே குழு.
அவளும் கையை இறக்கவில்லை.
சிரிப்பை அடக்கிக்கொண்டு
அடுத்த அடியைப் பாடினோம்.

அதன்பின் இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது.
ஒவ்வொரு மழைக்கும் கோடு மெல்லக் கசிந்து
பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.
டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார்கள் கமிட்டியில்.
ஒட்டட்டும்.

போன ஞாயிறு என் சின்னவன் நெகேமியா
அந்தச் சுவரில் சாய்ந்திருந்தான்.
அன்றைக்கு அவன் கழுத்துக்கு நின்ற கோடு
இப்போது நெஞ்சுக்குக் கீழே.
கோடு இறங்கவில்லை.

பிரசங்கம் முடியும்வரை
ஒரு நிமிஷம் நேராக நிற்க மாட்டான்,
அது வேறு.