உப்புப் போத்தல்

"பாதம் கழுவ ஒரு ஆள் குறையுது, வாறீங்களா?"
என்றுதான் கேட்டார் பெனடிற் சுவாமி.
வீட்டில் வந்து,
என்னைத் தெரிவுசெய்திருக்கிறார் என்று சொன்னேன்.

மெற்றில்டா என் முகத்தைப் பார்க்கவில்லை.
காலைப் பார்த்தாள்.
"இந்தக் காலோடயா?"

உட்துறைமுகத்தில் படகு எஞ்சின்
கழற்றிப் பூட்டுகிறவன் நான்.
இருபத்திரண்டு வருசக் கிறீஸ்
குதி வெடிப்புகளில் குடியிருக்கிறது.

அன்றிரவு
ஆசுபத்திரியில் இரண்டு முறை வேலையும் முடித்து வந்தவள்
பேசினில் சுடுதண்ணி வைத்தாள்.
ஒரு பிடி உப்பு, பிழிந்த தேசிக்காயின் தோல்,
பீர்க்கங்காய் நார்.
நான் கதிரையில்.
கையில் போன், போனில் கிரிக்கெட்.
ஊசி முனையால் வெடிப்பு வெடிப்பாய்
அவள் கறுப்பெடுத்தாள்.
கூசியது. இழுத்தேன்.
"ஆடாதீங்க.
வாட்டில படுத்திருக்கிற கிழடுகள்கூட
இப்படி ஆடுறதில்ல."

அதை ஒரு வேலையென்று நான் நினைக்கவில்லை.
சேட்டுக்குப் பொத்தான் தைக்கிற மாதிரி,
கோயிலுக்கு ஆளை ஆயத்தப்படுத்துகிறாள்,
அவ்வளவுதான்.

பெரிய வியாழன்.
மணி அடித்து ஓய்ந்தது.
இனிச் சனி இரவு வரை மரமணிதான்.
பீடத்தின் முன் வாங்கிலில்
பன்னிரண்டாவதாய் நான்.
இடுப்பில் துவாய் கட்டி,
முழங்கால் நோவோடு ஊன்றி ஊன்றி வந்தார் சுவாமி.
மூன்று சொட்டுத் தண்ணீர்,
ஒரு ஒற்றல், ஒரு முத்தம்.
என் காலில் கழுவுவதற்கு
ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

பக்கத்துக் கால்களைப் பார்த்தேன்.
எரோணிமுசின் கால், வாத்தியாரின் கால்,
தச்சு வேலை லாசருவின் கால்,
எல்லாம் புதுச் சட்டிபோலப் பளிச்சென்று.
போன மாரியில் தாரமிழந்த மரியநாயகத்தின் குதியில் மட்டும்
கடல்மணல் ஒட்டியிருந்தது.
அங்கேதான் சுவாமிக்கு வேலையிருந்தது.

பெண்கள் பக்கம் திரும்பினேன்.
பதினொரு வீட்டுப் பேசின்கள்
சேலையுடுத்தி நின்று பாடிக்கொண்டிருந்தன.
என்னுடையவள் பின்தூணடியில்,
வேலை உடுப்போடு.
ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுக்
கால் மாற்றிக் கால் மாற்றி.

கலியாணத்தன்று வாசித்த வாசகத்தில்
அவள் பணிய வேண்டிய வரி
எனக்கு மனப்பாடம்.
நான் செய்ய வேண்டியது அதற்கடுத்த வரியாம்.
அப்போது நான் படமெடுக்கிறவனைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன்.
உப்புப் போத்தல் எங்கே என்று
அவளிடமே கேட்க வேண்டியிருந்தது.
"எதுக்கு?"
"இரு."
"விசரா உங்களுக்கு? அது சுவாமிமார் செய்யிற வேலை."
தண்ணீர் கொதித்துவிட்டது போல.
கால் வைத்தவள் "ஆத்தே!" என்று துள்ளினாள்.
"கைவிட்டுப் பார்க்காம
யாரும் வைப்பாங்களா?"

பார்க்கவில்லைதான்.

பச்சைத்தண்ணி கலந்து மறுபடி இருந்தேன்.
உள்ளங்காலில் வெள்ளையாய் ஒரு நீளத் தழும்பு.
"இது எப்ப?"
"மூத்தவன் பிறந்த வருசம். போத்தல் ஓடு."
மூத்தவனுக்கு இந்த ஆவணியோடு பத்தொன்பது.

வேறெதுவோ கேட்க நிமிர்ந்தேன்.
கதிரையிலேயே தூங்கியிருந்தாள்,
வாய் சற்றுத் திறந்து.
எழுப்புவதா விடுவதா தெரியவில்லை.
ஈரக்காலை மடியில் வைத்துக்கொண்டே இருந்தேன்.
முழங்கால் சீமெந்தில் குத்தியது.
தரையிலிருந்து பார்த்தால் எங்கள் வீடு வேறு வீடு.
கட்டிலுக்கடியில் காணாமல்போன என் சாவணம்,
மேசைக்கால் ஆடாமல்
அவள் மடித்துச் செருகிய கடதாசி,
நான் ஒருநாளும் குனிந்து காணாத
எத்தனையோ.

தண்ணீரை வெளியே கொண்டுபோய் வைத்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்களில் ஒன்று
உப்பு மணந்து வந்து
பேசின் விளிம்பை நக்கிற்று.
விரட்ட மனம் வரவில்லை.

விடிந்ததும் பார்த்தால்
பேசின் முற்றத்திலேயே கிடந்தது.
அவளும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
போய் எடுத்து, உரஞ்சிக் கழுவி,
கவிழ்த்து வைத்தேன்.
உப்புப் போத்தல்
அடுப்புக்கு இடப்பக்கம், இரண்டாம் தட்டில்.